ஹெட் கேஸ்கட் கசிவு

எஞ்சினின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். வெடிக்கும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் கலவாமல் காப்பது இதன் பணி. பழைய 1489 சி.சி. அம்பாசடரில் ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினியிலோ ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆதலால் நீர் வற்றி ஒருமுறை கொதித்தாலே ஹெட் கோணிவிடலாம்.

கசிவின் குறிகள் நான்கு: வெளியே ஒழுகாமலே ரேடியேட்டர் நீர் குறைதல், அந்நீரில் இடைவிடாது குமிழி எழுதல், எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமை, அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைதல்.

எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடைபோல் படிந்திருந்தால் கேஸ்கட் போயிற்று எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு பெறுவதில்லை. எரிந்த வாயுவிலுள்ள நீராவி அங்கே குளிர்ந்து படியும். அளவுகோலில் எண்ணெய் வெளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாராதவர் வீணே ஹெட்டைக் கழற்றிப் பணம் இழப்பர்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்பே வேலை தொடங்குக. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ஹெட்டைக் கழற்றி, நேர்கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு கோணலை அளக்க வேண்டும். கோணலிருந்தால் பட்டறையில் சமன்செய்யாமல் புதுக் கேஸ்கட் இடுவது பயனற்றது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல சுற்றுகளில், கையேடு கூறும் அளவுக்கு முறுக்குக. சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டு, இறுக்கத்தையும் டேப்பெட் இடைவெளியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.