பழைய பீப்பாய்களில் ஜீவாமிர்தம் தயாரித்தல்

ஜீவாமிர்தம் தயாரிப்போர் ஏக்கர் ஒன்றுக்கு 200 லிட்டர் வீதம் கரைத்துப் பாசன நீரோடு விடுவது வழக்கம். சாணம் 10 கிலோ, கோமூத்திரம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு பிடி ஆகிய இவற்றைப் பீப்பாயிலிட்டு, நீர் நிரப்பி, நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவர, 2 நாட்களில் அது உபயோகத்திற்கு வரும். சரக்குகளில் பெரும்பாலானவை வீட்டிலும் தொழுவத்திலும் கிடைப்பவை. பீப்பாய் ஒன்றே விலை கொடுத்து வாங்கவேண்டுவது. ஆகையால் பலரும் பழைய சாமான் கடைகளில் விற்கும் நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை நாடுகின்றனர். இது சிக்கனமே. ஆயினும், அப்பீப்பாய் முன்னர் எதைக் கொண்டிருந்தது என்பதை விசாரித்தறிந்த பின்னரே அதற்குப் பணம் கொடுத்தல் வேண்டும்.

பீப்பாயின் அடியில் முக்கோணத்துள் 2 என்னும் எண் பொறித்திருந்தால் அது நல்ல பீப்பாய் என்று சிலர் எண்ணுகின்றனர். அக்குறி பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே காட்டும். உள்ளிருந்த பொருளைப் பற்றி அது யாதொன்றும் கூறாது. சமையலெண்ணெய், ஊறுகாய், குளுக்கோஸ் பாகு முதலிய உணவுப்பொருள்கள் வந்த பீப்பாய்கள் ஏற்றவை. சூடான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, 2, 3 நாட்கள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். சாயம், அமிலம், வார்னிஷ் முதலியன வந்தவற்றையும், முன்சரித்திரம் தெரியாதவற்றையும் விலக்குக.

பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த பாத்திரங்களை எவ்வளவு கழுவியபோதிலும் இக்காரியத்திற்குக் கொள்ளலாகாது. பிளாஸ்டிக் கண்ணாடியைப் போன்றதன்று. எண்ணெய்ப் பசையுள்ள மருந்துகள் அதன் சுவரில் சிறிது ஊறி நின்று, பின்னர் மெல்ல மெல்ல வெளிப்படும். ஊறுகாய் வைத்த டப்பாவை எத்தனை தரம் அலம்பினும் மணம் போகாதது நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிந்த விஷயமே. மருந்துப் பாத்திரத்தை மும்முறை நீர் விட்டுக் குலுக்கி, அந்நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றவேண்டும் என்ற விதி, பாத்திரத்தை அபாயமின்றிக் கழிப்பதற்காக ஏற்பட்டதேயன்றி, மறுபடி உபயோகிப்பதற்காக ஏற்பட்டதன்று.

2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பீகார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தமை பரிசோதனையில் வெளிப்பட்டது. மருந்தும் மனிதர் உபயோகிக்கும் பொருளும் ஒன்றோடொன்று கலக்க இடங்கொடுத்தால் விளைவது இத்தகையதே. மருந்து வந்த பீப்பாய் இன்று தோட்டத்தில் உரக்கரைசலுக்கு நின்றாலும், நாளை தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், விருந்து நாளில் குடிநீர் நிரப்பவும் அதுவே எடுக்கப்படும்.

பயிருக்கு நேரும் நஷ்டமும் சிறிதன்று. 2,4-டி களைக்கொல்லி நெல்லையும் கரும்பையும் கெடுப்பதில்லை. பருத்திக்கும் தக்காளிக்குமோ அதன் மிகச் சிறிய அளவும் விஷமாகும். பருத்தியிலைகள் குறுகி விரல்போல் நீளும். தக்காளிக் குருத்து முறுக்கிக்கொள்ளும். குடியானவர் இதனை நச்சுயிரி நோயென்று மயங்கி, மேலும் மருந்துக்குச் செலவழிப்பர்.

உணவுப் பீப்பாய் என்று கேட்டு வாங்கியதிலும் ஐயம் இருப்பின் ஒரு சோதனை செய்யலாம். பீப்பாயில் சிறிது நீர் விட்டு, உட்புறம் முழுதும் நனையும்படி நாள்தோறும் உருட்டி, 3 நாட்கள் வைத்திருந்து, அந்நீரை ஒரு தொட்டியிலுள்ள தக்காளி நாற்றுக்கும், கிணற்று நீரை மற்றொரு தொட்டி நாற்றுக்கும் 2 வாரம் ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்க. குருத்து திருகினால் பீப்பாயைத் தள்ளிவிடுக. களைக்கொல்லியை இச்சோதனை காட்டிக்கொடுக்கும், பூச்சிமருந்தைக் காட்டாது. ஆதலால் விசாரணைக்கு இது ஈடாகாது.

இரும்பு, செம்பு, பித்தளை, நாகப்பூச்சிட்ட தகரம் ஆகியவை வேண்டா. வெல்லம் புளிக்குங்கால் உண்டாகும் அமிலம் உலோகத்தை அரித்துக் கரைசலில் சேர்க்கும். லாரி மின்கலப் பெட்டிகளைச் செடித்தொட்டியாக வைக்கும் வழக்கமும் சில ஊர்களில் காணப்படுகின்றது. அவற்றிலுள்ள ஈயம் மண்ணில் தங்கிவிடுமாதலால் அறவே கூடாது. நல்ல பீப்பாய் அகப்படாவிடில், வாயகன்ற மண்பானைகளோ சிமிட்டித் தொட்டியோ போதும்.

பீப்பாயை இறுக மூடலாகாது. புளிக்கும்போது எழும் வாயு வெளியேறல் வேண்டும். ஈயும் கொசுவும் முட்டையிடாதபடி வலைத்துணியால் வாயைக் கட்டுக. மீன் அமிலத்தைக் கண்ணாடிப் புட்டியில் இறுக அடைத்து வைத்தால் புட்டி வெடிக்கவுங்கூடும். மிகுந்த கரைசலைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வீட்டில் வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துக. குழந்தை அதனைக் குடிபொருளென்றே எடுக்கும்.

காலியான மருந்துப் பாத்திரங்கள் மறுபடி உபயோகத்திற்கு வராதபடி வெளியே விட்டுவைக்கலாகாது என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 44ஆம் விதி கூறுகின்றது. கிராம அதிகாரிகள் பருவத் தெளிப்பு முடிந்ததும் வாய்க்கால் ஓரங்களையும் பம்புசெட்டுக் கொட்டகைகளையும் பார்வையிட்டு, கிடக்கும் பாத்திரங்களை ஓரிடத்தில் சேர்ப்பித்து, அடியில் துளையிடச் செய்தல் வேண்டும். துளைபட்ட பாத்திரத்தைப் பழைய சாமான் வியாபாரி பீப்பாயென்று விற்க இயலாது.