ஆறு என்றால் ஆறு என்ன?

இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனாவுக்கு அதிக வேலை கொடுப்பவை தவறான விடைகள் அல்ல. அலகு எழுதாத விடைகள். "விடை = 6" என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். ஆறு என்ன? மீட்டரா, கிலோகிராமா, நொடியா? அரை மதிப்பெண்ணைக் குறைத்தால், "கணக்கு சரிதானே, சார்?" என்று கேட்பார்கள். அலகின் மதிப்பு அரை மதிப்பெண் அல்ல, ஓர் உயிராகவும் இருக்கக்கூடும் என்பதைச் சென்ற மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது கண்டேன்.

சன்னலுக்கு உள்ளே இருந்த மருந்தாளுநர் எங்கள் தெருப் பெண். பிளஸ் டூ படித்தபோது என்னிடம் இயற்பியலில் ஐயம் கேட்க வருவாள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். "கம்பவுண்டர் படிப்புதானே!" என்று உறவினர்கள் சொன்னதும், அவள் சில நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு முன்னால் ஒரு தாய், ஒரு வயதுக் குழந்தையுடன் நின்றிருந்தார். குழந்தையின் எடை 10 கிலோகிராம். காய்ச்சலுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் பாரசிட்டமால் கொடுக்குமாறு மருத்துவர் எழுதியிருந்தார். மருந்தாளுநர் ஒரு பாட்டிலை எடுத்து, "ஒரு வேளைக்கு 6 மில்லி கொடுங்கம்மா" என்றார். உடனே அந்தத் தாய் தம் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துக் காட்டினார்.

"வீட்டிலே இது பாதி மிச்சம் இருக்கு. இதுவும் பாரசிட்டமால்தானாம். இதிலேயே ஆறு கொடுத்துடட்டுமா, அக்கா?"

மருந்தாளுநர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம்மா. பேர் ஒண்ணுதான், அளவு வேற" என்று சொல்லி, வரிசை நீண்டிருந்தும், பொறுமையாக விளக்கினார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மருத்துவமனை கொடுத்தது சிரப். அதில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதாவது, 1 மில்லிலிட்டரில் 25 மில்லிகிராம். 150 மில்லிகிராம் வேண்டுமானால் 150 ÷ 25 = 6 மில்லிலிட்டர்.

தாய் கொண்டு வந்தது சொட்டு மருந்து. அதில் 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே தேவையானது 1.5 மில்லிலிட்டர் மட்டுமே. அதில் "ஆறு" கொடுத்திருந்தால் குழந்தைக்குப் போயிருக்கும் மருந்து 600 மில்லிகிராம். வேண்டியதைப் போல் நான்கு மடங்கு! ஒரு நாளில் பல வேளை இப்படிக் கொடுத்தால் குழந்தையின் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும்.

நீங்கள் பள்ளியில் கரைசலின் செறிவு என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. வேதியியல் ஆய்வகத்தில் தவறினால் சோதனையை மறுபடியும் செய்யலாம். இங்கே அது இயலாது. (இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்களே வீட்டில் மருந்து கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.)

சன்னலுக்குப் பின்னால்

மருந்தாளுநர் மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மருத்துவர் எழுதியதற்கும் நோயாளி விழுங்குவதற்கும் இடையே நின்று சரிபார்க்கும் கடைசிக் கண் அவருடையது. சீட்டிலுள்ள பெயரும் வயதும் சரியா, அளவு வயதுக்குப் பொருந்துகிறதா, ஒன்றாகச் சாப்பிடக்கூடாத இரு மருந்துகள் உள்ளனவா என்று பார்க்கிறார். ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்கிறார். ஊகித்துக் கொடுப்பது அவர் தொழிலில் குற்றம்.

கிடங்கையும் அவரே கவனிக்கிறார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்பும் பணியை 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்கிறது. வந்து சேர்ந்த மருந்துகளுள் எதன் காலம் முதலில் முடிகிறதோ அது முதலில் வெளியே போகும்படி அடுக்க வேண்டும்.

வெப்பநிலையும் ஒரு பொறுப்பு. திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் கெடும். குளிர் மிகுந்து உறைந்தாலும் கெடும். இன்சுலின் ஒரு புரதம். உறைந்து உருகியது கண்ணுக்கு நன்றாகவே தெரியலாம். ஆனால் அதை நம்பிப் போட முடியாது. எனவே குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் பார்த்து எழுதி வைக்கிறார்.

இன்சுலினிலும் நம் பழைய கேள்வி வருகிறது. 1 மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிகளும் உண்டு, 100 யூனிட் உள்ளவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசிக்குழல் வேறு. 40-க்கு உரிய குழலில் 100-க்கு உரிய மருந்தை "20" என்ற கோடு வரை எடுத்தால் உடலில் ஏறுவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட்! இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்து நோயாளி மயங்கி விழுவார்.

உள்நோயாளிப் பிரிவுகளுக்குப் போகும் பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். மிகுந்த கரைசலில் கலந்து மெல்ல ஏற்றினால் உயிர் காக்கும். அப்படியே நரம்பில் போட்டால் இதயத்தை நிறுத்திவிடும். அதனால்தான் அதைத் தனியே, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி வைக்கிறார்கள்.

யார் மருந்தாளுநர் ஆகலாம்?

ஒரு காலத்தில் நம் நாட்டில் மருந்து கலக்கவும் கொடுக்கவும் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. 1930-இல் இராம் நாத் சோப்ரா தலைமையில் அமைந்த குழு இக்குறையை ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கை தந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. அதன்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநரே.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், அவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் டி.பார்ம். என்னும் பட்டயப் படிப்பில் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டு. அதன்பின் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. பிறகு மாநில மருந்தாளுநர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தாளுநர்களை 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. பணியில் அனுபவம் பெற்றவர் தலைமை மருந்தாளுநராக உயரலாம். மேலே படிக்க விரும்பினால், பட்டயம் பெற்றவர் நான்காண்டு பி.பார்ம். பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே சேர முடியும். அந்தப் பட்டம் மருந்து ஆய்வாளர் பதவிக்கும், ஆராய்ச்சிக்கும் வழி திறக்கும். 2008 முதல் பார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பும் நடக்கிறது.

அன்று என் முறை வந்தபோது, "இப்போதும் உறவினர்கள் கம்பவுண்டர் என்றுதான் சொல்கிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சொல்றாங்க, மாமா. ஆனா அவங்க வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்னா, எத்தனை மில்லின்னு எனக்குத்தான் போன் பண்றாங்க."

செய்து பாருங்கள்

காலியான சிரப் பாட்டிலின் அளவு மூடி ஒன்றை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தேக்கரண்டிகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பி மூடியில் ஊற்றி, எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கரண்டிகளையும் அளந்து பாருங்கள். "ஒரு கரண்டி மருந்து" என்று சொல்வது ஏன் போதாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். விடையை எழுதும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள்!