உருமாறும் ரோபோ பொம்மைக்கு விமர்சனம் தயாரிக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டும் கேட்டாயிற்று. இனி உருப்படியாக ஒரு வேலையைச் செய்து பழக வேண்டும் என நினைக்கும் புதியவர்களுக்காக இந்தப் பாடம். வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பற்றிப் படங்களுடன் கூடிய விமர்சனம் ஒன்றை இங்கே தயாரிக்கப் போகிறோம். ஃபோல்டர் உருவாக்குவது, போனிலிருந்து படங்களைக் கொண்டு வருவது, பெயிண்ட் புரோகிராமில் படத்தைச் சிறியதாக்கி அளப்பது, அட்டவணை போடுவது, தமிழில் டைப் செய்வது ஆகிய ஐந்தும் இந்த ஒரே வேலையில் பழகிவிடும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் ரோபோ. புதுக்கோட்டை, அறந்தாங்கி, பொன்னமராவதி போன்ற ஊர்களில் இருந்துகொண்டு இத்தகைய சேகரிப்பு ரோபோக்களை வாங்க நினைத்தால், பெரும்பாலும் இணையத்தில் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்பனைப் படத்தில் 9 செ.மீ. பொம்மையும் 18 செ.மீ. பொம்மையும் ஒரே உயரமாகத்தான் தெரியும். மூட்டு தளர்ந்திருந்தால் படத்தில் தெரியாது. ஏற்கெனவே வாங்கியவர் எழுதும் விமர்சனத்தை நம்பித்தான் அடுத்தவர் பணம் கட்டுகிறார். "சூப்பர், வாங்கலாம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கொஞ்சம் வரலாறு

ஜப்பானின் தகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற பெயர்களில் உருமாறும் பொம்மைகளை விற்று வந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, 1984ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. பெரியவர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசை 2003ல் தொடங்கியது. 2006ல் தகாராவும் டோமியும் இணைந்து தகாரா டோமி ஆயின. 2007ல் வந்த ஹாலிவுட் படம் இந்தப் பொம்மைகளை நம் ஊர்ப் பிள்ளைகள் வரை கொண்டு சேர்த்தது. 2021ல் ரோபோசென் நிறுவனம் 27 சர்வோ மோட்டார்களுடன், குரல் கட்டளைக்குத் தானாகவே உருமாறும் ஆப்டிமஸ் பிரைமை அறிவித்தது. அதன் அறிமுக விலை 699 டாலர். இப்படிப்பட்ட விலையில் உள்ள பொருளை ஒரே ஒரு படத்தைப் பார்த்து வாங்குவது சரியாகாது.

படி 1: ஃபோல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, ஃபோல்டர் எனத் தேர்ந்தெடுங்கள். அதற்கு "ரோபோ விமர்சனம்" எனப் பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். அதனுள்ளே "மூலப் படங்கள்", "சிறிய படங்கள்" என மேலும் இரண்டு ஃபோல்டர்களை உருவாக்குங்கள். மூலப் படங்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. மாற்றங்கள் எல்லாம் சிறிய படங்களில்தான்.

படி 2: படம் எடுத்தல்

கடையில் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர் வாங்கி, பாதி மேசை மேலும் பாதி சுவர் மேலும் வரும்படி வளைத்து ஒட்டுங்கள். காலை வேளையில் ஜன்னல் வெளிச்சம் போதும். போனை ரோபோவின் முகத்தருகே கொண்டுபோனால் கை பெரிதாகவும் கால் சிறிதாகவும் பதிவாகும். இரண்டடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள்.

ரோபோவின் காலடியில், அதே தூரத்தில், ஒரு 10 ரூபாய் நாணயத்தைக் கேமராவைப் பார்த்தபடி நிமிர்த்தி வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. இது பிறகு உதவும். ரோபோவாக முன்புறம், பின்புறம், லாரியாக முன்புறம், பக்கவாட்டு, பாதி உருமாறிய நிலை, டப்பாவின் பின்பக்கம் என ஆறு படங்கள் இருந்தால் நல்லது. பின்புறத்தை மறந்துவிடாதீர்கள். உள்ளே காலியாக இருக்கும் கைகளும், முதுகில் மடங்கி நிற்கும் லாரிப் பாகங்களும் அங்கேதான் தெரியும். விற்பனைப் படங்களில் இந்தப் பக்கத்தைக் காண்பது அரிது.

படி 3: கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் திரையில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் கம்ப்யூட்டரில் திஸ் பிசி திறந்து, போனின் பெயரில் டபுள் கிளிக் செய்து, டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமரா ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் கிடைக்கும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே ஆறு படங்களையும் கிளிக் செய்து, கண்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்யுங்கள். மூலப் படங்கள் ஃபோல்டரில் கண்ட்ரோல் + வி அழுத்தினால் அவை வந்துவிடும். ஒவ்வொன்றையும் தேர்வு செய்து எஃப்2 கீயைத் தட்டி, "01 ரோபோ முன்புறம்", "02 ரோபோ பின்புறம்" என வரிசையாகப் பெயரிடுங்கள்.

படி 4: பெயிண்டில் சுருக்குதலும் அளத்தலும்

12 மெகாபிக்ஸல் கேமராவில் எடுத்த படம் சுமார் 4000 பிக்ஸல் அகலமும் 3000 பிக்ஸல் உயரமும் கொண்டது. படிப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. படத்தைப் பெயிண்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலம் 1200 எனக் கொடுங்கள். உயரம் தானாக 900 ஆகிவிடும். சேவ் அஸ் மூலம் சிறிய படங்கள் ஃபோல்டரில் சேமியுங்கள். சேவ் மட்டும் கொடுத்தால் மூலப் படமே சுருங்கிவிடும், கவனம்.

இப்போது நாணயத்தைப் பயன்படுத்தலாம். செலக்ட் கருவியால் நாணயத்தைச் சுற்றிச் சரியாகக் கட்டம் வரையுங்கள். அந்தக் கட்டம் எத்தனை பிக்ஸல் என்று கீழே உள்ள பட்டையில் தெரியும். என் படத்தில் அது 108 பிக்ஸல். 108ஐ 27ஆல் வகுத்தால் 4. அதாவது ஒரு மி.மீ.க்கு 4 பிக்ஸல். ரோபோவைச் சுற்றிக் கட்டம் வரைந்தபோது உயரம் 700 பிக்ஸல் வந்தது. 4ஆல் வகுத்தால் 175 மி.மீ., அதாவது 17.5 செ.மீ. ஸ்கேல் வைத்து அளந்தும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எடுத்த படத்தில் நாணயம் பக்கத்திலேயே இருந்தால், அதையும் இதே முறையில் அளந்துவிடலாம்.

ஹாஸ்ப்ரோ தரும் அளவுப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கோர் சுமார் 9 செ.மீ., டீலக்ஸ் சுமார் 14 செ.மீ., வாயேஜர் சுமார் 18 செ.மீ. இதற்கு மேல் லீடர். லீடர் என்றாலே உயரம் அதிகம் என நினைக்க வேண்டாம். 2020ல் எர்த்ரைஸ் வரிசையில் வந்த லீடர் ஆப்டிமஸ் பிரைம் ரோபோ, வாயேஜர் உயரமே உடையது. கூடுதல் பணம் அதனுடன் வரும் டிரெய்லருக்குப் போகிறது. அளவுப் பெயரோடு செ.மீ. கணக்கையும் எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

படி 5: சோதித்துப் பார்த்தல்

உருமாற்றத்தை இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை வழிமுறைத் தாளைப் பார்த்து, இரண்டாம் முறை பார்க்காமல். இரண்டுக்கும் ஆன நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தையாவது கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கழலும் பாகம் தொலைந்து போகும், வாயிலும் போகும்.

அடுத்து மூட்டுகள். ரோபோவை ஒற்றைக் காலில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சாய்ந்தால் இடுப்பா கணுக்காலா எனப் பாருங்கள். லாரி நிலையில் சக்கரங்கள் தரையில் உருள்கின்றனவா, பாகங்களுக்கிடையே இடைவெளி தெரிகிறதா, மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா எனக் கவனியுங்கள். வெளுத்த கோடு, பின்னால் அந்த இடத்தில் விரிசல் வரலாம் என்பதற்கு அறிகுறி.

பழைய ரோபோவாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 1980களின் கடைசியிலும் 1990களிலும் வந்த சில பொம்மைகளில் பயன்படுத்திய தங்க நிறப் பிளாஸ்டிக், காலப்போக்கில் தானாகவே நொறுங்கும். அவற்றைச் சோதனைக்காகக்கூட உருமாற்றக் கூடாது. வெள்ளைப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். நம் மாவட்டத்து வெயிலுக்கு ஜன்னலோர அலமாரி ஏற்றதல்ல. விளக்கு எரியும் பொம்மையில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

படி 6: அட்டவணையும் எழுத்தும்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் சென்று, ஆட் எ லாங்வேஜ் மூலம் தமிழைச் சேருங்கள். தமிழ்99, அஞ்சல் ஆகிய கீபோர்டு முறைகளில் பழகியதைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். வேர்டு இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம் 1910ல் தொடங்கப்பட்டது. அங்கே பொருள்களின் அருகே உள்ள சீட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். அது என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தது என்றுதான் இருக்கும். அழகானது, சுமாரானது என்றெல்லாம் இருக்காது. நம் விமர்சனத்தின் முதல் பகுதியும் அப்படியே அமையட்டும். டேபிள் மெனுவில் இன்சர்ட் டேபிள் கொடுத்து, 2 பத்தி, 10 வரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் இவற்றை எழுதுங்கள்: பெயர், நிறுவனம், வெளியான ஆண்டு, தயாரான நாடு, வயது, ரோபோ உயரம், லாரி நீளம், உருமாற ஆகும் நேரம், கழலும் பாகங்கள், விலையும் வாங்கிய தேதியும்.

தயாரான நாடு எதற்கு? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவுடன் இணைந்து தொடங்கப்பட்ட நிறுவனம். அது இந்தியாவில் தயாரித்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குவதுண்டு. எங்கே தயாரானது என்பது மதிப்பையே மாற்றும்.

வயதும் முக்கியம். மாஸ்டர்பீஸ் வரிசை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற மொபைல் ஆப்பில் கொடுத்துச் சரிபார்க்கலாம். நகல் பொம்மைகள் நிறைய உலவுவதால், உடலில் பொறித்துள்ள நிறுவனப் பெயரையும் ஆண்டையும் படம் எடுத்துச் சேருங்கள்.

அட்டவணைக்குக் கீழே உங்கள் கருத்தைப் பத்து வரிக்குள் எழுதுங்கள். எனது ரோபோவுக்கு நான் எழுதியதன் சுருக்கம் இது: "லாரி நிலையில் இடைவெளியின்றிப் பொருந்துகிறது. தாளைப் பார்த்து 11 நிமிடம், பார்க்காமல் 4 நிமிடம். இடது இடுப்பு மூட்டு தளர்வு, ஒற்றைக் காலில் நிற்கவில்லை. பின்புறம் முழங்கை காலியாக உள்ளது. அலமாரியில் வைப்பவருக்கு ஏற்றது. தினமும் உருமாற்றி விளையாடும் சிறுவனுக்கு வேண்டாம்." யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல என்ற கடைசி இரண்டு வரிகள்தாம் வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

பொம்மை பரிசாக வந்ததா, சொந்தப் பணத்தில் வாங்கியதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதும் போலி விமர்சனங்களைக் கட்டுப்படுத்த, இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற இந்தியத் தரநிலை 2022 நவம்பரில் வந்திருக்கிறது.

இறுதியாக, இன்சர்ட் மெனுவில் படங்களைச் சேர்த்து, கண்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமியுங்கள். ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மூட்டுகளை மறுபடி சோதித்து, தேதி போட்டு இரண்டு வரி சேர்த்தால் விமர்சனம் இன்னும் பயனுள்ளதாகும். ரோபோ இல்லாதவர்கள் வீட்டில் உள்ள மிக்ஸியையோ, பிள்ளையின் சைக்கிளையோ வைத்து இதே ஆறு படிகளையும் செய்து பாருங்கள்.