பாடத்துக் கணக்கும் பானைக்குள் பணமும்



தொழில் பயிற்சிக்குப் போகிறோம். ரொக்க ஏடு, பேரேடு, லாப நட்டக் கணக்கு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அங்கே புரிந்த மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினதும் நோட்டு பரணுக்குப் போய்விடும். "நமக்குப் படிப்பு பத்தாது" என்று நம்மையே குறை சொல்லிக்கொள்வோம். தப்பு நம் மேல்தானா?

டொமினிக்கன் குடியரசு என்ற நாட்டில், சிறுகடன் வாங்கித் தொழில் செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு பிரிவுக்கு எளிய வழிகள் மட்டும். மூன்றாவது பிரிவுக்குப் பயிற்சியே இல்லை.

எளிய வழி என்ன? தொழில் பணம் ஒரு பெட்டியில், வீட்டுப் பணம் இன்னொரு பெட்டியில். ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுத்தால் சீட்டு எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

முடிவு 2014-இல் வெளியானது. கணக்கியல் படித்தவர்களுக்கும் பயிற்சியே பெறாதவர்களுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. எளிய வழி கற்றவர்களோ பணத்தைப் பிரித்து வைத்தார்கள். கணக்கும் கூடுதலாக எழுதினார்கள்.

காரணம் யோசியுங்கள். பாடப் புத்தகத்தில் கடை வேறு, வீடு வேறு. நமக்கோ இரண்டுக்கும் ஒரே சுருக்குப்பை! இட்லிக்கடைக் காசில் பிள்ளைக்கு 20 ரூபாய், வீட்டுக் காய்கறிக்கு 50 ரூபாய் எடுக்கிறோம். தினமும் 70 என்றால் 30 நாளில் 2,100 ரூபாய். மாதக் கடைசியில் அரிசி வாங்கக் காசில்லை. "வியாபாரம் நட்டம்" என்கிறோம். நட்டம் வியாபாரத்தில் இல்லை, வீடு எடுத்தது நமக்கே தெரியவில்லை. அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு கடன்!

ஒன்றை மறக்க வேண்டாம். குழுக் கணக்கு பலருடைய பணம். தீர்மான நோட்டும் சேமிப்பு, கடன் பேரேடும் முறைப்படிதான் எழுத வேண்டும். அதில் சுருக்கு வழி கிடையாது.

இந்த வாரம் செய்வோம்:
1. இரண்டு டப்பா எடுத்து, கடை, வீடு என்று எழுதி ஒட்டுங்கள்.
2. கடை டப்பாவிலிருந்து எடுத்தால் தேதியும் தொகையும் எழுதிய சீட்டைப் போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பத்து ரூபாய்க்கு ஒரு புளியங்கொட்டை.
3. வாரக் கடைசியில் எண்ணுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:
நம் தொழிலிலிருந்து வீடு எவ்வளவு எடுத்தது? பயிற்சியில் சொன்னதில் எது நமக்கு ஒத்து வந்தது, எது வரவில்லை? ஒத்து வராததைப் பயிற்சி தருபவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அவர்களும் நம்மிடம் கற்க வேண்டியது இருக்கிறது.