வெல்டிங் பயிற்சி: ஊர் சொல்வதும் உள்ளபடி இருப்பதும்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரால் வரலாற்றில் இடம்பிடித்த ஊர். அன்று மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரைக் கலங்கடித்தன. வெடிமருந்தை அடைத்திருந்த இரும்புக் குழாய்தான் அவற்றின் வலு. காகிதக் குழாய் கிழிந்துபோகும் அழுத்தத்தை அது தாங்கியது. இரும்பு வேலையின் வலுவை இப்படி நேரில் கண்ட மண்ணில், விடுதியில் தங்கிப் படிக்கும் வெல்டிங் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்ற பேச்சு வந்தால் பல வீடுகளில் இன்னும் தயக்கம்தான். அந்தத் தயக்கத்துக்குக் காரணமான சில எண்ணங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: படிப்பு ஏறாதவனுக்குத்தான் வெல்டிங்.

உண்மை: ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் சேர்ந்தபின் படிக்காமல் தேற முடியாது. வரைபடத்துக் குறியைப் பார்த்ததும் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் பற்றவைப்பது என்று விளங்க வேண்டும். 7018 எனும் வகை வெல்டிங் ராடில் ஈரம் ஏறினால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் அந்த ராடைச் சூட்டடுப்பில் உலர்த்தி எடுக்கிறார்கள். இந்த ஒரு தொழிலை ஆராய்வதற்கென்றே திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

நம்பிக்கை 2: எங்கே படித்தாலும் ஒன்றுதான், சான்றிதழ் வந்தால் வேலை வந்துவிடும்.

உண்மை: ஒவ்வொரு பயிற்சிக்கும் நோக்கம் வேறு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உணவும் தங்குமிடமும் இலவசமாகத் தந்து சில வாரங்கள் கற்றுத் தருகின்றன. கேட், கிரில் பட்டறை வைக்க நினைப்பவருக்கு அது பொருத்தம். 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய திட்டம் கிராமத்து இளைஞர்களைக் கம்பெனி வேலைக்கு ஆயத்தப்படுத்துவது. ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு ஓராண்டு, முடித்தவர்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் அப்ரண்டிஸாகவும் சேரலாம்.

எங்கே படித்திருந்தாலும், பல கம்பெனிகளில் முதலில் ஒரு டெஸ்ட் பீஸ் அடித்துக் காட்டச் சொல்வார்கள். தட்டையாக வைத்துப் பற்றவைப்பது 1ஜி, செங்குத்தாக 3ஜி, தலைக்கு மேலே 4ஜி. 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிப் பற்றவைப்பது 6ஜி. முடித்த துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே இருக்கும் சிறு ஓட்டையைச் சான்றிதழ் மறைக்காது.

நம்பிக்கை 3: விடுதி என்பது சோறும் படுக்கையும்தான், நடுவில் நாலு நாள் ஊருக்கு வந்தால் ஒன்றும் குறையாது.

உண்மை: குறையும். பயிற்சியின் வெற்றியே இடைவிடாமல் அங்கே தங்கிப் பழகுவதில்தான் இருக்கிறது. ராடு உருக உருகக் குட்டையாகிக்கொண்டே வரும். அதற்கு ஈடாகக் கை இறங்க வேண்டும். நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இடைவெளி மாறக் கூடாது. நகரும் வேகமும் சாய்வும் கூடவே சீராக இருக்க வேண்டும். தொடக்கத்தில் ராடு ஒட்டிக்கொள்ளும், தகடு பொத்துப்போகும், மனம் சோரும். வீட்டு ஞாபகமும் அப்போதுதான் அதிகம் வாட்டும். அந்த நாட்களைத் தாண்டியவருக்குக் கை படியும். நாள்தோறும் அடித்தால்தான் அது படியும். விட்டுவிட்டு அடித்தால் பழைய இடத்துக்கே திரும்பும். மேலே படிந்த ஸ்லாக் கசடைத் தட்டிவிட்டு, பற்றவைத்த ஒவ்வொரு தடத்தையும் ஆசிரியரிடம் காட்டி, "இது ஏன் பிசகியது?" என்று கேட்கும் பிள்ளை சீக்கிரம் தேறும். பெற்றோரே, திருவிழாவுக்கு அழைக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை 4: பாலும் வெல்லமும் சாப்பிட்டால் புகை ஒன்றும் செய்யாது; கண் எரிச்சல் பழகிவிடும்.

உண்மை: பாலும் வெல்லமும் வயிற்றுக்குப் போகின்றன, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. காற்றோட்டமும் புகை உறிஞ்சியும் முகக்கவசமும்தான் காப்பு. ஆர்க் ஒளியின் புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். பகலில் தெரியாது, இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் அறுக்கும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று வைத்தியம் பார்க்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். சரியான கறுப்புக் கண்ணாடி உள்ள ஷீல்டு இல்லாமல், பக்கத்தில் நின்று வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள்.

நம்பிக்கை 5: பெண் பிள்ளைக்கு இது ஆகாது.

உண்மை: வெல்டிங்குக்கு வேண்டியது நடுங்காத கையும் பொறுமையும். காஞ்சிபுரத்துத் தறியில் இழை பிசகாமல் நெய்யும் கைகளுக்கு இரண்டும் புதிதல்ல. தீன்தயாள் திட்டத்தின் விதியே மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது.

அன்று புள்ளலூரில் ராக்கெட் பாய்ந்தது, குழாய் அழுத்தத்தைத் தாங்கியதால். இன்று கொதிகலன் குழாயில் போடும் ஒவ்வொரு இணைப்பும் அதேபோல் தாங்கியாக வேண்டும்; பக்கத்தில் நிற்பவர்களின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது. அந்த இணைப்பைப் போடக் கற்கும் பிள்ளையை "வேறு வழியில்லாமல் போனான்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.