திறக்காத கோப்பின் உள்ளே

கேள்வி: எனக்கு வந்த பிடிஎஃப் கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. 'இம்ஹெக்ஸ்' என்ற ஹெக்ஸ் எடிட்டரை நிறுவுங்கள். இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் திறங்கள். ஒவ்வொரு பைட்டும் ஈரிலக்கமாக வரிசை கட்டி நிற்கும். அருகிலேயே அதற்கான எழுத்து. தொடக்கத்தில் 25 50 44 46 இருந்தால் பிடிஎஃப்தான். 50 4பி என்றிருந்தால் அது ஜிப். இந்த இரண்டு பைட்டுகளுக்கும் அருகே தெரியும் 'பிகே' என்ற எழுத்துகள், ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். பெயரின் கடைசியில் '.ஜிப்' என மாற்றினால் திறந்துவிடும். எங்கும் 00 மட்டுமே என்றால் தரவு வந்து சேரவில்லை; மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் அமைப்பை விவரித்து எழுதிக்கொடுத்தால், பகுதிவாரியாக வண்ணம் தீட்டியும் இம்ஹெக்ஸ் காட்டும். பழகிப்பாருங்கள், கோப்புகள் மேல் இருக்கும் பயமே போய்விடும்.