நம் மலையில் ஏன் டைனோசர் எலும்பு கிடைப்பதில்லை?



சில மாதங்களுக்கு முன் படிவம் இரண்டில் படிக்கும் மாணவன் ஒருவன், தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்த இடத்தில் கிடைத்ததாம். மேற்புறம் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்தது. "டீச்சர், இது டைனோசர் முட்டைதானே?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. ஆனால் அது கிரானைட் என்னும் கருங்கல். மழைநீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, மூலைகளை முதலில் அரிக்கிறது. அதனால் கல் உருண்டையாகி, தோல் தோலாக உரிகிறது. அப்படி உதிர்ந்ததுதான் நம் தேயிலைச் செடிகள் நிற்கும் மண்ணில் பெரும்பகுதி.

சரி, அந்தக் கல்லுக்குள் புதைபடிவம் ஏன் இருக்க முடியாது?

கேமரன் மலை அமைந்துள்ள தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட், சுமார் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக் குழம்பு மெல்ல ஆறியதால் உண்டானது. கொதிக்கும் குழம்பில் எந்த எலும்பு மிஞ்சும்? இறந்த விலங்கை ஆற்று மணலோ சேறோ விரைவில் மூடினால்தான் எலும்பு தப்பும். அந்த மணலும் சேறும் இறுகிப் படிவுப் பாறையாகும்போது, எலும்புக்குள் தாதுக்கள் ஊறி அதுவும் கல்லாகிறது.

அந்தக் காலத்தில் ஊர்வன உலகெங்கும் பரவியிருந்தன. மிகப் பழைய ஊர்வன எலும்புகளில் ஒன்று, கனடாவின் ஜாகின்ஸ் கடற்கரைப் பாறையில், கல்லாகிப்போன மரத்தண்டுக்குள் கிடைத்தது. ஹைலோனோமஸ் என்ற அந்தப் பல்லி போன்ற உயிரினம், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம்; வயது 310 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். தவளை முட்டையிட ஈரம் வேண்டும். ஊர்வனவற்றின் முட்டையிலோ கருவைச் சுற்றி நீர்ப்பையும் வெளியே உறையும் உண்டு. குளத்தை விட்டு வறண்ட நிலத்துக்குப் போக அந்த முட்டைதான் வழிவிட்டது. இந்த வழியில் வந்தவையே பாம்பு, ஆமை, முதலை, டைனோசர் எல்லாம்.

பகாங்கில் கிடைத்த பல்

நம் மலையில் இல்லாவிட்டாலும், நம் மாநிலத்தில் இருக்கிறது! மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனே தலைமையிலான குழு, ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து பகாங்கின் உட்பகுதிப் படிவுப் பாறைகளில் தேடியது. 2014 பிப்ரவரியில், மலேசியாவின் முதல் டைனோசர் புதைபடிவம் கிடைத்ததாக அறிவித்தது. அது ஒரே ஒரு பல். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர்; உங்கள் கட்டைவிரல் நுனி அளவுதான்.

அதை வைத்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பல்லின் நெடுக ஓடும் வரிகளும், ஓரத்தில் ரம்பம் போன்ற நுண்ணிய பற்களும் அது ஸ்பைனோசாரிட் வகை எனக் காட்டின. மீன் பிடித்துத் தின்ற பெரிய டைனோசர் வகை அது. எனாமல் மிகக் கடினமானது. மேலும் டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுதும் பல் விழுந்து விழுந்து முளைத்தது. அதனால்தான் எலும்பைவிடப் பல் அதிகம் கிடைக்கிறது.

அந்த இடத்தை ஆய்வாளர்கள் உடனே வெளியிடவில்லை. ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது.

பொடிந்துபோன பேருடல்

நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த பழைய திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதிதான் இன்றைய அரியலூர். அங்கே கல்லமேடு என்ற ஊரருகே கிடைத்த மாபெரும் எலும்புகளை, யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1980களில் விவரித்து, புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டார்கள். 'பேருடல் பல்லி' என்று பொருள். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம் எனக் குறித்தார்கள். ஆனால் அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமலே பொடிந்து போயின. இன்று மிஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அது எலும்பா, கல்மரமா என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். சோதித்துப் பார்க்க எலும்பு இல்லையே!

எனவே, எங்காவது படிவுப் பாறையில் எலும்பு, பல், ஓடு போல ஏதேனும் கண்டால் தோண்டாதீர்கள், உடைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூலம் கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ பல்கலைக்கழகப் புவியியல் பிரிவுக்கோ தெரிவியுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டருகே கிடக்கும் கல்லைக் கைலென்சில் பாருங்கள். ஒன்றோடொன்று பின்னிய பளபளப்பான படிகங்கள் தெரிந்தால் கிரானைட்டாக இருக்கலாம். தனித்தனி மணல்துகள்கள் ஒட்டியதுபோல் தெரிந்தால் அது மணற்கல். இன்னும் உற்றுப் பாருங்கள். மண் சரியும் மேடுகளில் மட்டும் ஏற வேண்டாம்.

அந்த மாணவனின் உருண்டைக் கல் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. 'கிரானைட்' என்று அவனே சீட்டு எழுதி ஒட்டினான். பள்ளி விடுமுறையில் மணற்கல் தேடிப் போகலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.